நடுக்கடலில் ஒரு குரல்! கேட்க ஒரு காது உண்டா?

ஆடிக் கிருத்திகை நாள். திருத்தணி மலை.

படிக்கட்டு முழுவதும் மனிதத் தலைகள். தோளிலே பூக்காவடி. நெற்றியிலே திருநீறு. அடிவாரத்தில் ஒரு பக்தர், "முருகனுக்கு…" என்று குரல் கொடுக்கிறார். பத்துப் படி மேலே நிற்பவர்கள், "அரோகரா!" என்கிறார்கள். அதைக் கேட்டு, இன்னும் மேலே நிற்பவர்கள் "அரோகரா!" என்கிறார்கள். இப்படியே குரல் படிப்படியாக ஏறுகிறது. கொஞ்ச நேரத்தில் மலை உச்சியில், கோவில் வாசலில் நிற்பவர்களும் "அரோகரா!" என்று கை கூப்புகிறார்கள்.

கீழே முதலில் குரல் கொடுத்தவரின் தொண்டைக்கு 365 படிகளைத் தாண்டும் வலிமை கிடையாது. அவர் குரல் உச்சிக்குப் போனது எப்படி? ஒருவர் கேட்டு, அடுத்தவருக்குக் கொடுத்தார். அவர் அதற்கு அடுத்தவருக்குக் கொடுத்தார். அவ்வளவுதான்!

நடுவில் ஐம்பது படி காலியாக இருந்தால்? குரல் அங்கேயே நின்றுவிடும். மேலே இருப்பவருக்குக் கீழே நடப்பது தெரியாது.

இன்னொரு விஷயம். திருத்தணி, ஆந்திர எல்லையில் உள்ள ஊர். 1960 ஏப்ரல் 1 அன்றுதான் அது தமிழ்நாட்டோடு சேர்ந்தது. மலைக்கு வருவோரில் தமிழ் பேசுவோரும் உண்டு. தெலுங்கு பேசுவோரும் உண்டு. ஆனால், "அரோகரா" என்ற ஒரு சொல் எல்லோருக்கும் புரியும்.

திருத்தணி மலை உச்சியில் நின்றாலும் கடல் தெரியாது. கடற்கரைக்குப் போக, கிழக்கே சென்னை வரை 80 கிலோமீட்டருக்கு மேல் போகவேண்டும். ஆனாலும், கடலில் போகும் கப்பல்களும் மீன்பிடி படகுகளும் ஒன்றோடு ஒன்று பேசிக்கொள்வது எப்படி என்பதை இந்தப் படிக்கட்டிலேயே தெரிந்துகொள்ளலாம். அங்கும் ஒரு குரல் வேண்டும். அதைக் கேட்க ஒரு காது வேண்டும். எல்லோருக்கும் புரியும் ஒரு சொல் வேண்டும்.

இந்த மூன்றில் ஒன்று இல்லாமல் போனதால், கடலில் இறந்தவர்கள் ஆயிரக்கணக்கானோர்!

கம்பி இல்லாத் தந்தி

பழைய காலத்தில், கரையை விட்டுப் போன கப்பல் காணாமல் போன கப்பல் மாதிரிதான். அது திரும்பி வந்தால்தான் சேதி தெரியும். பகலில் கொடி காட்டுவார்கள். இரவில் விளக்குக் காட்டுவார்கள். கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் இன்னொரு கப்பல் இருந்தால் பிழைத்தார்கள். இல்லாவிட்டால் கடவுள் விட்ட வழி!

குளத்தில் ஒரு கல்லை எறியுங்கள். அலை வட்டமாகப் பரவி, கரையில் கிடக்கும் சருகை ஆட்டும். கல்லுக்கும் சருகுக்கும் நடுவே கம்பி எதுவும் இல்லை. அதே மாதிரி, மின்சாரத்தால் ஓர் அலையை எழுப்பலாம். அந்த அலை கண்ணுக்குத் தெரியாது. காதுக்குக் கேட்காது. சுவரையும் ஊடுருவிப் போகும். 1895-ல் கல்கத்தாவில் ஜகதீச சந்திர போஸ் இதைப் பலர் முன்னிலையில் செய்து காட்டினார். சுவர்களுக்கு அப்பாலிருந்து அலையை அனுப்பி, மணியை ஒலிக்க வைத்தார். வெடிமருந்தை வெடிக்க வைத்தார்!

அதே காலத்தில் இத்தாலி நாட்டு இளைஞர் மார்க்கோனி, அந்த அலையில் தந்தி அனுப்பும் வழியைத் தேடிக்கொண்டிருந்தார். தந்திக் கம்பியும் கம்பமும் நிலத்தில் நடலாம். கடலில் நட முடியுமா? கம்பி இல்லாத் தந்தி கப்பலுக்கென்றே பிறந்தது போல் அமைந்தது.

அதன் பயன் சீக்கிரமே தெரிந்தது. இங்கிலாந்தின் தென்கிழக்குக் கரைக்கு அப்பால் மணல் திட்டுகள் உண்டு. அங்கே போகும் கப்பல்களை எச்சரிக்க, விளக்கு ஏற்றிய கப்பல் ஒன்றை நங்கூரம் போட்டு நிறுத்தியிருந்தார்கள். அதில் மார்க்கோனியின் கருவி இருந்தது. 1899 ஏப்ரல் 28 அன்று, மூடுபனியில் வந்த கப்பல் ஒன்று அந்த விளக்குக் கப்பல் மீதே மோதிவிட்டது. விளக்குக் கப்பல் கரைக்குக் கம்பி இல்லாத் தந்தி கொடுத்தது. உதவிப் படகுகள் புறப்பட்டு வந்தன.

பத்து ஆண்டுகள் கழித்து, 1909 ஜனவரியில், 'ரிபப்ளிக்' என்ற பயணிகள் கப்பல் அமெரிக்கக் கரைக்கு அப்பால் பனி மூட்டத்தில் 'புளோரிடா' என்ற கப்பலுடன் மோதியது. ஜாக் பின்ஸ் என்ற ஆபரேட்டர் உடைந்த அறையில் உட்கார்ந்து மணிக்கணக்காகத் தந்தி அடித்தார். 'பால்டிக்' என்ற கப்பல் அதைக் கேட்டுத் தேடி வந்தது. இரண்டு கப்பல்களிலும் இருந்த 1,500 பேருக்கு மேல் உயிர் பிழைத்தார்கள்.

"இனிமேல் கடலில் பயமில்லை" என்று உலகம் நினைத்தது. மூன்று ஆண்டுகளில் அந்த நினைப்புக்கு அடி விழுந்தது.

தூங்கிவிட்ட காது

1912 ஏப்ரல் 14. இரவு 11 மணி 40 நிமிடம். 'டைட்டானிக்' பனிப்பாறையில் இடித்தது.

கப்பலில் நல்ல வயர்லெஸ் கருவி இருந்தது. திறமையான ஆபரேட்டர்கள் இரண்டு பேர் இருந்தார்கள். ஜாக் பிலிப்ஸ் ஒருவர். ஹெரால்டு பிரைடு மற்றொருவர். அபாயத் தந்தி பறந்தது.

'கார்பாத்தியா' என்ற கப்பல் 58 மைல் தூரத்தில் இருந்தது. அதன் ஆபரேட்டர் படுக்கப் போகும் நேரம். ஆனால், காதுக் கருவியை இன்னும் கழற்றவில்லை. தந்தி காதில் விழுந்தது. கேப்டனை எழுப்பினார். கப்பல் முழு வேகத்தில் ஓடியது. விடியற்காலை 4 மணிக்கு வந்து சேர்ந்தது. படகுகளில் நடுங்கிக்கொண்டிருந்த 700-க்கும் மேற்பட்டவர்களை அது ஏற்றிக்கொண்டது. அதற்குள் சுமார் 1,500 பேர் கடலுக்குப் பலியாகியிருந்தார்கள்.

இதைவிட வேதனையான விஷயம் ஒன்று உண்டு. 'கலிபோர்னியன்' என்ற கப்பல் கார்பாத்தியாவைவிடப் பக்கத்தில், மிகவும் பக்கத்தில் இருந்தது! அதிலும் வயர்லெஸ் இருந்தது. ஆனால் ஆபரேட்டர் ஒரே ஒருவர். அன்று இரவு அவர், "இங்கே பனிக்கட்டி சூழ்ந்திருக்கிறது" என்று டைட்டானிக்குக்குச் சொல்லப் பார்த்தார். டைட்டானிக் ஆபரேட்டரோ பயணிகளின் சொந்தத் தந்திகளை அனுப்பிக்கொண்டிருந்தார். "குறுக்கே வராதே" என்று அதட்டிவிட்டார். கலிபோர்னியன் ஆபரேட்டர் கருவியை நிறுத்திவிட்டுத் தூங்கப் போனார்.

அவர் தூங்கப் போன சில நிமிடங்களில் டைட்டானிக் மோதியது!

அவர் மீது குற்றம் சொல்ல முடியாது. பகல் முழுவதும் உழைத்தவர் அவர். இரவில் விழித்திருக்க வேண்டும் என்று அன்றைக்குச் சட்டம் இல்லை. குரல் இருந்தது. கருவி இருந்தது. கேட்கும் காதுதான் இல்லை.

மூன்று நிமிட மௌனம்

உலகம் பாடம் கற்றது. 1914-ல் லண்டனில் பல நாடுகள் கூடின. கடலில் உயிர்களைக் காப்பதற்கான ஒப்பந்தம் ஒன்றை எழுதின. "வயர்லெஸ் இருந்தால் மட்டும் போதாது. இரவும் பகலும் யாராவது கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்" என்ற கொள்கை அதில் இடம் பெற்றது.

அதோடு இன்னொரு அழகான வழக்கமும் வந்தது. கப்பலின் வயர்லெஸ் அறையில் ஒரு கடிகாரம் மாட்டியிருப்பார்கள். அதன் முகத்தில் சிவப்புப் பட்டை தீட்டியிருக்கும். ஒவ்வொரு மணியிலும் 15-வது நிமிடத்திலிருந்து 18-வது நிமிடம் வரை. மறுபடியும் 45-வது நிமிடத்திலிருந்து 48-வது நிமிடம் வரை. முள் அந்தச் சிவப்புப் பட்டைக்கு வந்ததும், உலகத்தில் உள்ள எல்லாக் கப்பல்களும் அபாயத் தந்திக்கான அலைவரிசையில் பேச்சை நிறுத்திவிட வேண்டும். எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்க வேண்டும்.

எதற்காக? எங்கோ ஓர் ஏழைக் கப்பல் மெல்லிய குரலில் "காப்பாற்று" என்று கூவலாம். கூச்சலில் அது அமுங்கிப் போகக் கூடாது அல்லவா!

எல்லோருக்கும் புரியும் சொல்லும் கிடைத்தது. மூன்று புள்ளி, மூன்று கோடு, மூன்று புள்ளி. அதுதான் 'எஸ்.ஓ.எஸ்.' 1906-ல் பெர்லினில் நாடுகள் கூடி இதை ஏற்றன. இந்த எழுத்துகளுக்குப் பலர் பல விரிவு சொல்வார்கள். உண்மையில் இதற்கு எந்த விரிவும் இல்லை. அடிக்க எளிது, கேட்டால் தப்பாது, அதனால்தான் தேர்ந்தெடுத்தார்கள். வாயால் பேசும் ரேடியோ வந்ததும், 'மேடே' என்ற சொல் வந்தது. "எனக்கு உதவுங்கள்" என்ற பொருள் தரும் பிரெஞ்சுச் சொல்லின் ஒலி அது. தமிழ் மாலுமி சொன்னாலும் ஜப்பான் மாலுமி சொன்னாலும் 'மேடே' 'மேடே'தான்!

சென்னையைச் சுட்ட எம்டன்

"அவன் பெரிய எம்டன்!" என்று தமிழ்நாட்டில் இன்றும் சொல்வார்கள். அந்தப் பெயர் வந்த கதையிலும் கேட்கும் காது ஒன்று இருக்கிறது.

1914 செப்டம்பர் 22. இரவு நேரம். ஜெர்மன் போர்க்கப்பல் 'எம்டன்' சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே வந்து நின்றது. நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகளைப் பொழிந்தது. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. அதன் நினைவாக ஐகோர்ட்டு மதில் சுவரில் கல்வெட்டு இருக்கிறது.

எம்டன் தனிக் கப்பல். துணைக்குப் படை இல்லை. ஆனாலும் வங்கக் கடலையும் இந்து மகாசமுத்திரத்தையும் கலக்கியது. இருபதுக்கும் மேற்பட்ட கப்பல்களைப் பிடித்தது, மூழ்கடித்தது. எப்படி? அதன் வயர்லெஸ் பெரும்பாலும் பேசாது, கேட்கும்! மற்றக் கப்பல்கள் தங்களுக்குள் பேசுவதைக் கேட்டு, அவை எங்கே போகின்றன என்று ஊகித்தது. தான் வாய் திறந்தால் தன் இருப்பிடம் தெரிந்துவிடும் என்று மௌனம் காத்தது.

ஆனால், வயர்லெஸ்ஸாலேயே அதற்கு முடிவு வந்தது. 1914 நவம்பர் 9 காலையில், கோகோஸ் தீவுகளில் இருந்த தந்தி நிலையத்தை உடைக்க எம்டன் போனது. நிலையத்தில் இருந்தவர்கள் அதைப் பார்த்துவிட்டார்கள். "அறியாத கப்பல் ஒன்று வந்திருக்கிறது" என்று உடனே வயர்லெஸ்ஸில் கூவினார்கள். எம்டன் தன் கருவியால் குறுக்கே சத்தம் எழுப்பி அதை மறைக்கப் பார்த்தது. பலிக்கவில்லை. ஏறக்குறைய 50 கடல் மைல் தூரத்தில் கப்பல் கூட்டம் ஒன்று போய்க்கொண்டிருந்தது. கிட்டத்தட்ட திருத்தணிக்கும் சென்னைக்கும் உள்ள தூரம்! அதில் இருந்த ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் 'சிட்னி' திரும்பியது. மூன்று மணி நேரத்துக்குள் வந்துவிட்டது. சண்டையில் எம்டன் உருக்குலைந்து, ஒரு தீவின் கரையில் ஏறி நின்றது.

மலையும் கப்பல் மரமும்

ரேடியோ அலை எவ்வளவு தூரம் போகும்? அதற்குப் பதில் சொல்லத் திருத்தணி மலைக்கே வரலாம்.

அடிவாரத்தில் நின்று பார்த்தால் பக்கத்துத் தெருதான் தெரியும். உச்சிக்கு ஏறினால் ஊர் தெரியும், ஏரி தெரியும், தூரத்துக் குன்றுகளும் தெரியும். கண் அதே கண்தான். உயரம்தான் கூடியது. பூமி உருண்டை. உயரத்தில் நின்றால், அதன் வளைவைத் தாண்டிக் கூடுதல் தூரம் பார்க்கலாம்.

இப்போது கப்பல்களும் படகுகளும் அக்கம் பக்கத்தில் பேசப் பயன்படுத்தும் 'வி.எச்.எப்.' ரேடியோவும் இப்படித்தான். அதன் அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போகும். பூமியின் வளைவு மறைத்தால் எட்டாது. பெரிய கப்பல்களில் ஏரியல் 30 மீட்டர் உயரத்தில் இருந்தால், அப்படிப்பட்ட இரண்டு கப்பல்கள் சுமார் 45 கிலோமீட்டர் தூரம் வரை பேசிக்கொள்ளலாம். சின்னப் படகில் ஏரியல் 4 மீட்டர் உயரம்தான் என்றால், இரண்டு படகுகளுக்கு நடுவே சுமார் 16 கிலோமீட்டர்தான்!

வேறு வகை அலைகளும் உண்டு. 'சிற்றலை' என்பது வானத்தின் மேலடுக்கில் பட்டுத் திரும்பி, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் போகும். அதற்குப் பெரிய கருவி வேண்டும், பழக்கமும் வேண்டும்.

தலைவர் இல்லாத வரிசை

இன்றைய பெரிய கப்பல்கள் மனிதர் வாய் திறக்காமலே பேசிக்கொள்கின்றன. 'ஏ.ஐ.எஸ்.' என்று ஒரு கருவி. "என் பெயர் இது. நான் இருக்கும் இடம் இது. போகும் திசை இது. வேகம் இது" என்று அது ஓயாமல் சொல்லிக்கொண்டே இருக்கும். பக்கத்துக் கப்பலின் திரையில் அது புள்ளியாகத் தெரியும். இருட்டிலும் பனியிலும் மோதாமல் தப்பலாம். பன்னாட்டுப் பயணம் போகும் பெரிய கப்பல்களிலும் பயணிகள் கப்பல்களிலும் 2004 இறுதிக்குள் இந்தக் கருவி கட்டாயம் ஆகிவிட்டது.

ஒரே அலைவரிசையில் நூறு கப்பல்கள் பேசினால் சந்தைக் கடை ஆகிவிடாதா? ஆகாது! ஒரு நிமிடத்தை 2,250 துண்டுகளாகப் பிரித்திருக்கிறார்கள். ஒவ்வொரு கப்பலும் பேசும்போதே, "அடுத்து இந்தத் துண்டில் நான் பேசுவேன்" என்றும் சொல்லிவிடும். மற்றவை அதைக் கேட்டு, வேறு துண்டில் பேசும். வரிசையை ஒழுங்கு செய்ய யாரும் நிற்கவில்லை. ஒவ்வொருவரும் மற்றவர் சொல்வதைக் கேட்பதால் வரிசை தானே நடக்கிறது!

1999 பிப்ரவரி 1 முதல் பெரிய கப்பல்களில் மோர்ஸ் தந்தியின் காலமும் முடிந்தது. 300 டன்னும் அதற்கு மேலும் உள்ள கப்பல்களுக்குப் புதிய ஏற்பாடு வந்தது. ஆபத்து வந்தால் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். கப்பலின் அடையாள எண்ணும் இருக்கும் இடமும் தாமாகவே போய்விடும். மறுபக்கத்தில் இருக்கும் கருவி மணி அடித்து ஆளை எழுப்பும். கலிபோர்னியன் ஆபரேட்டரைப் போல் ஒருவர் தூங்கினாலும், அவரது கருவி தூங்காது.

ஆனால் இந்தச் சட்டமெல்லாம் பெரிய கப்பலுக்கு. குமரிக் கரையிலிருந்து போகும் மீன்பிடி படகுக்கு?

ஒக்கி சொன்ன பாடம்

கன்னியாகுமரி மாவட்டத்தில் தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை, நீரோடி என்று கடற்கரை ஊர்கள் உண்டு. ஆழ்கடல் மீன்பிடிப்பில் பேர் பெற்றவர்கள் அந்த ஊர்க்காரர்கள். விசைப்படகில் அரிசி, பருப்பு, ஐஸ், டீசல் எல்லாம் ஏற்றிக்கொண்டு போவார்கள். பல நூறு கிலோமீட்டர் தூரம், பல நாள், சில சமயம் பல வாரம் கடலிலேயே இருப்பார்கள்.

2017 நவம்பர் 30 அன்று, குமரிக் கடலில் 'ஒக்கி' புயல் உருவெடுத்தது. மிகக் குறைந்த நேரத்தில் அது வலுத்துவிட்டது. எச்சரிக்கை ரேடியோவில் வந்தது; டெலிவிஷனில் வந்தது. கரையில் இருந்தவர்கள் கேட்டார்கள். ஆனால், பல நாளைக்கு முன்பே ஆழ்கடலுக்குப் போயிருந்த படகுகளுக்கு அது எட்டவில்லை.

கைப்பேசி கரையை விட்டுக் கொஞ்ச தூரம் போனதும் ஊமையாகிவிடும். படகில் இருந்த வயர்லெஸ் செட்டோ பக்கத்துப் படகு வரைதான் கேட்கும். பக்கத்தில் படகு இல்லாதவனுக்கு அதுவும் இல்லை. திருத்தணிப் படிக்கட்டில் நடுவிலே படிகள் காலியாக இருந்தால் என்ன ஆகுமோ, அதுதான் ஆயிற்று!

தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் நூற்றுக்கணக்கானவர்கள் இறந்தார்கள், காணாமல் போனார்கள். கரையிலே பெண்கள் நாள் கணக்காகக் கடலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். கணவன் உயிரோடு இருக்கிறானா, இல்லையா? அதைக்கூடச் சொல்ல ஒரு வழி இல்லாமல் இருந்தது. அதுவே பெரிய கொடுமை.

திருத்தணிக்குப் பக்கத்திலே அரக்கோணம். அங்கே 'ராஜாளி' என்ற கடற்படை விமானத் தளம் 1992 முதல் இருக்கிறது. கடல் மீது நெடுந்தூரம் பறந்து தேடும் விமானங்கள் அங்கே உண்டு. எவ்வளவு நல்ல விமானமாக இருந்தால் என்ன? "எங்கே தேடுவது?" என்று தெரிய வேண்டாமா? பல்லாயிரம் சதுர மைல் தண்ணீரில் ஒரு படகு, வைக்கோல் போரில் விழுந்த ஊசி. "நான் இங்கே இருக்கிறேன்" என்று படகு ஒரு சொல் சொன்னால், விமானம் நேரே அங்கே போய்விடும்.

வானத்தில் ஒரு காது

ஒக்கிக்குப் பிறகு, மீனவனுக்கும் வானத்தில் ஒரு காது வேண்டும் என்ற எண்ணம் வலுத்தது. ஏரியலை எவ்வளவு உயர்த்தினாலும் படகில் சில மீட்டர்தான். ஆனால், செயற்கைக்கோள் எல்லா மலைக்கும் மேலான மலை! அங்கிருந்து பார்த்தால் கடல் முழுவதும் தெரியும்.

2019 அக்டோபரில் 'ஜெமினி' என்ற சிறிய பெட்டி வெளியானது. ஐதராபாத்தில் உள்ள கடல் தகவல் சேவை மையம் அதை அறிமுகம் செய்தது. புயல் எச்சரிக்கை, அலையின் உயரம், மீன் கூட்டம் இருக்கும் இடம் எல்லாம் செயற்கைக்கோள் வழியாக வரும். படகில் உள்ள கைப்பேசியில் படிக்கலாம். கரையிலிருந்து 300 கடல் மைல் வரை எட்டும். ஒரு கடல் மைல் என்றால் 1.85 கிலோமீட்டர். ஆனால் அதில் ஒரு குறை: படகு கேட்கலாம், திருப்பிச் சொல்ல முடியாது.

அந்தக் குறையைப் போக்க இன்னொரு கருவி வந்தது. 'டிரான்ஸ்பாண்டர்' என்று பெயர். இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனமான 'இஸ்ரோ'வின் கைவண்ணம். இதில் கரையிலிருந்து படகுக்கும் சேதி போகும். படகிலிருந்து கரைக்கும் சேதி வரும். ஆபத்து என்றால் பொத்தானை அழுத்தலாம். 13 கடலோர மாநிலங்களிலும் யூனியன் பிரதேசங்களிலும் ஒரு லட்சம் படகுகளில் இதைப் பொருத்தும் திட்டம் 2024 ஆகஸ்டு 30 அன்று தொடங்கியது.

படகுக்குப் படகு

வானத்துக்குப் போகாமலே ஒரு வழி உண்டு. அது திருத்தணிப் படிக்கட்டு வழி!

கேரளத்தில், கொல்லம் மாவட்டம் அமிர்தபுரியில் உள்ள அமிர்தா பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் அந்த வழியைப் பரிசோதித்தார்கள். 'ஓஷன்நெட்' என்று பெயர் வைத்தார்கள். கரையில் உயரமான இடத்தில் ஒரு கருவி. படகுகளில் ஒவ்வொரு கருவி. கரைக்குப் பக்கத்தில் உள்ள படகு கரையோடு பேசும். அதற்கு அப்பால் உள்ள படகு, இந்தப் படகோடு பேசும். இந்தப் படகு அதைக் கரைக்குத் தள்ளிவிடும். நடுவில் உள்ள படகுக்காரர் கையை அசைக்கவே வேண்டாம். கருவி தானே வாங்கி, தானே கொடுக்கும். சாதாரணக் கைப்பேசியைக் கையில் வைத்துக்கொண்டு, நடுக்கடலிலிருந்து வீட்டாரோடு பேசலாம்.

இதில் ஒரு கஷ்டம் உண்டு. நிலத்தில் கம்பம் நட்ட இடத்தில் நிற்கும். படகு நிற்குமா? அலையில் ஆடும்; திரும்பும்; ஓடும். இப்போது அருகில் இருக்கும் படகு, அரை மணியில் எங்கோ போய்விடும். ஆகையால், "யார் பக்கத்தில் இருக்கிறார்? யார் வழியாகச் சேதியை அனுப்பலாம்?" என்று கருவி ஓயாமல் தேடிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு வழி அறுந்தால் மறு வழி. படிக்கட்டில் ஒரு பக்தர் நகர்ந்துவிட்டால், அடுத்தவர் அந்த இடத்துக்கு வருவது போல!

மீனவர்களுக்கு இது புதிதல்ல. கருவி வருமுன்பே அவர்கள் இதைச் செய்து வந்திருக்கிறார்கள். எட்டாத படகுக்குச் சேதி சொல்ல வேண்டுமானால், நடுவில் உள்ள படகுக்காரரைக் கூப்பிட்டு, "அண்ணே, அங்கே சொல்லிவிடுங்க" என்பார்கள். அவர் சொல்லுவார். அந்தக் குணத்தைத்தான் விஞ்ஞானிகள் கருவிக்குக் கற்றுக் கொடுத்தார்கள்.

வீட்டார் செய்யக்கூடியது

கடலுக்குப் போகிறவர் வீட்டில் இருப்பவர்கள் சில விஷயங்களைத் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். படகின் பெயர், பதிவு எண், உடன் போனவர்கள் யார், எந்தத் திசை, திரும்பும் நாள். இதை ஒரு தாளில் எழுதி வீட்டில் வைத்திருந்தால், தேடப் போகிறவர்களுக்குப் பாதி வேலை மிச்சம்.

கடலில் ஆபத்து என்று தெரிந்தால், கடலோரக் காவல் படைக்கு 1554 என்ற எண்ணில் போன் செய்யலாம். கட்டணம் இல்லை. கடலில் தவிப்பவரைத் தேடி மீட்கும் வேலையை நடத்தும் மையங்கள் மும்பை, சென்னை, ஸ்ரீ விஜயபுரம் (முன்பு போர்ட் பிளேர்) ஆகிய இடங்களில் இருக்கின்றன.

கடலில் இருப்பவர்களுக்கோ ஒரே வேலைதான். செட்டை அணைக்கக் கூடாது. தனக்குச் சேதி இல்லாவிட்டாலும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். வி.எச்.எப். ரேடியோவில் 16-வது சானல், ஆபத்துக் குரலுக்கு உரியது. அங்கே வீண் பேச்சுப் பேசுகிறவர், தெரியாமலே ஒருவர் கழுத்தை நெரிக்கக்கூடும்.

பொழுது சாய்கிறது. திருத்தணி மலைப் படிக்கட்டில் விளக்குகள் எரிகின்றன. பாட்டி ஒருத்தி மூச்சு வாங்க, பாதி வழியில் உட்கார்ந்திருக்கிறாள். மேலே போக அவளால் முடியவில்லை. கீழிருந்து ஒரு குரல் வருகிறது: "முருகனுக்கு…"

பாட்டி தன்னால் முடிந்த மட்டும் குரல் எடுத்து, "அரோகரா!" என்கிறாள்.

மேலே நிற்பவர்களுக்கு அது கேட்டுவிட்டது. குரல் ஏறுகிறது.